பாலு வீசிய பந்து

புனேயில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தைக் கூட்டி, உருளை இழுத்துச் சமன்படுத்தும் வேலை. மாதச் சம்பளம் 4 ரூபாய். அதைச் செய்தவர் பல்வங்கர் பாலு. தீண்டாமைக்கு ஆளான சமார் சாதியில் பிறந்தவர். பயிற்சிக்கு வந்த ஆங்கிலேயர்களுக்குப் பந்து வீசி வீசியே இடதுகைச் சுழலில் தேர்ந்தார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு மட்டும் கிடைக்கவில்லை.

வெள்ளையரை வெல்ல வேண்டும் என்பதால் புனே இந்துக்கள் அவரை அணியில் சேர்த்தார்கள். மைதானத்தில் பாலு தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்குத் தேநீர் வெளியே, மண்குவளையில். நம்மூர் இரட்டைக் குவளையின் அண்ணன் அது.

1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் வீழ்த்தினார். தம்பிகள் சிவராம், கண்பத், விட்டலும் வீரர்களானார்கள். ஏழைக் குடும்பத்தின் பெயர் பம்பாயெங்கும் ஒலித்தது. ஆனால் கேப்டன் பதவி மட்டும் பாலுவுக்கு எட்டவில்லை. 1920இல் அதைக் கண்டித்து சிவராமும் விட்டலும் ஆட மறுத்தார்கள். பாலு துணைக் கேப்டனானார். 1923இல் விட்டல் இந்துக்கள் அணிக்கே கேப்டனானார்.

1932 பூனா ஒப்பந்தத்தில் எம்.சி.ராஜாவோடு பாலுவும் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்துத் தோற்றார். 1955இல் மறைந்தார். அவருடைய அரசியலை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மாணவர்கள் மறக்கக் கூடாது: திறமை அந்தக் குடும்பத்தை அணிக்குள் கொண்டுபோனது; தலைமையை வாங்கித் தந்தது தம்பிகளின் மறுப்புதான்.