உத்தியோகமும் வாழ்க்கைப்பணியும்
இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சரிதம்

நம்மூரில் ஒருவரை முதன்முறை காணுமிடத்து, அவர் என்ன உத்தியோகம் பார்க்கின்றார் என வினாவுதல் வழக்கம். தம் வாழ்நாளில் எதனைச் செய்துமுடிக்கக் கருதியுள்ளார் என வினாவுவார் அரியர். இவ்விரு வினாக்களுக்குமுள்ள வேற்றுமையை உணர விழைவார்க்குத் தாமோதரம்பிள்ளையவர்களின் சரிதத்தினும் சிறந்ததொன்றை யாம் அறியோம்.

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் வைரவநாதபிள்ளைக்குப் புதல்வராய்த் தோன்றினார். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழும், வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆங்கிலமும் பிறகலைகளுங் கற்றார். இருபது வயதளவிற் கோப்பாயில் ஆசிரியராயினார். பின்னர்ப் பார்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னைக்குச் சென்று, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடாத்தினார். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவர். அவருள் ஒருவர் இவர், மற்றவர் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர் என்பது நமக்குப் பெருமை தருவதொன்றாம்.

இனி அவர் வகித்த பதவிகளை நோக்குவோம். சென்னை இராசதானிக் கலாசாலையிலும் கள்ளிக்கோட்டையிலுங் கற்பித்தார். அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்குப் பகுதியில் உயர்பதவி வகித்தார். 1871இல் பி. எல். பரீட்சையிற் சித்தியெய்தினார். 1882இல் இளைப்பாறியபின் கும்பகோணத்தில் வழக்கறிஞராயிருந்தார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதியாய் அமர்ந்தார். ஆசிரியர், பத்திராசிரியர், கணக்கர், வழக்கறிஞர், நீதிபதி என இவ்வாறு மாறிமாறி வந்த பதவிகளை மாத்திரம் நோக்குவார்க்கு, இவர் ஒரு நெறியில் நில்லாதவர்போலத் தோன்றுதல் கூடும்.

ஆயின் இவையனைத்தினூடும் அறாத நூலிழைபோல ஒரு தொண்டு ஓடிற்று. அஃது ஏட்டிற் கிடந்த பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்து அச்சிடுதல். அக்காலத்து ஏடுகள் செல்லரித்தும் ஓரம் ஒடிந்தும் கிடந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடில்லை. மூலம் எது, உரை எதுவெனப் பிரித்தறிதலும் அரிதாயிற்று. பல ஊர்களிலிருந்தும் பிரதிகளை வருவித்து, ஒன்றோடொன்றை ஒப்புநோக்கி, உண்மைப் பாடத்தைத் துணிதல் வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பலநாள் செல்லும் இவ்வேலையை அவர்க்கு விதித்த மேலதிகாரி எவருமிலர். அதற்கு மாதச் சம்பளமும் இல்லை. உத்தியோகத்தால் வந்த பொருளே இதற்குச் செலவாயிற்று.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் பரிசோதித்துதவத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு 1868இல் வெளியிட்டார். 1879இல் நாவலரவர்கள் சிவபதமடைந்தார்கள். அதன்பின் அப்பாரத்தைத் தாமே சுமக்கத் துணிந்தார். 1881இல் வீரசோழியமும், 1883இல் இறையனாரகப்பொருளும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இல் கலித்தொகையும் வெளிவந்தன. எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சேறியது இக்கலித்தொகையே. நீதியாசனத்தில் இருந்த காலத்திலும் வேலை நிற்கவில்லை. 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் வெளிவந்தன. 1895இல் அரசினர் இராவ்பகதூர்ப் பட்டம் அளித்தனர். 1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பிள்ளையவர்கள் தேகவியோகமாயினார்.

இச்சரிதத்தில் நாம் கருதத்தக்கன இரண்டு. முதலாவது, அவர் உத்தியோகத்தை இகழ்ந்தாரல்லர். கணக்குச் சாலையிற் செம்மையாகக் கடமை புரிந்து உயர்ந்தார். உத்தியோகம் குடும்பத்தைக் காப்பது. அதனைப் பழித்தல் அறிவுடைமையாகாது. இரண்டாவது, இளைப்பாறிய பின்னர்ப் பார்ப்போமென அவர் காத்திருக்கவுமில்லை. அவருடைய பெரும்பதிப்புக்கள் பல 1882க்குப் பின் வந்தன என்பது உண்மையே. எனினும் அதற்கு அடிப்படையாகிய ஏட்டுப்பயிற்சியும் முதற் பதிப்பும் பதவிக்காலத்தில் அமைந்தன. இளமையில் வித்திடாதவன் முதுமையில் அறுப்பது யாது? ஓய்வூதியம் பலருக்கு ஒரு வாழ்வின் முடிவாகின்றது. இவருக்கோ கைவிலங்கு கழன்ற நாளாயிற்று.

அவர் எழுதிய கணக்குப் புத்தகங்களை இன்று தேடுவாரில்லை. புதுக்கோட்டையில் அவர் அளித்த தீர்ப்புக்களையும் நம்மில் எவரும் அறியோம். அவர் காத்தளித்த நூல்களோ தமிழ் கற்பார் கைகளிலெல்லாம் உள்ளன.

நம் கலாசாலையை விட்டு ஆண்டுதோறும் வெளியேறும் மாணவர்கள் நல்ல உத்தியோகம் பெறவேண்டுமென்பதே பெற்றோர் விருப்பமும் ஆசிரியர் விருப்பமுமாகும். எம் விருப்பமும் அதுவே. நியமனக் கடிதம் கைக்கு வரும் நாளில், அப்பதவி போயினும் போகாததாய்த் தம்மிடத்து நிற்கும் பணி யாதென அவர்கள் தம்மைத் தாமே ஒருமுறை வினாவுவார்களாக. பழைய மாணவராகிய நம்மிற் பலர் அவ்வினாவை இன்னும் எழுப்பவில்லை. எழுப்புதற்குக் காலங்கடந்துவிடவில்லை என்பதை ஐம்பதாம் வயதில் இளைப்பாறி, அதன்பின்னும் பதினெட்டாண்டு உழைத்த பிள்ளையவர்களே காட்டிச் சென்றார்கள்.