கடல் கடந்து வந்த கலைஞர்

தாயகம் விட்டுக் கடல் கடந்து வாழும் நமக்கு, தம் தாயகம் விட்டு வந்து தமிழ்க் கலைக்குத் தொண்டாற்றிய ஒருவரின் வரலாறு இனிக்காமற் போகாது. ஆகவே இவ்வாண்டு மலரில், படவுலக மேதை எல்லிஸ் ஆர். டங்கனை நினைவுகூர விழைகின்றோம்.

1909-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த டங்கன், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படக்கலை பயின்றார். உடன் பயின்ற மாணிக்லால் டாண்டனின் அழைப்பை ஏற்று, சில மாதங்களே தங்கும் எண்ணத்துடன் 1935-இல் இந்தியா வந்தார். தங்கியதோ 15 ஆண்டுகள்!

1936-இல் அவர் இயக்கிய 'சதி லீலாவதி', எஸ். எஸ். வாசனின் கதையைத் தழுவியது. எம். ஜி. ராமச்சந்திரன், டி. எஸ். பாலையா ஆகியோர் திரையுலகில் அடியெடுத்து வைத்தது அப்படத்தில்தான். குடியினால் நிலைகுலைந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாய் உழலும் ஒருவனின் துயரத்தை அது சித்திரித்தது. பிழைப்பு நாடி அந்நிய மண்ணை மிதித்த தமிழனின் கண்ணீரைத் திரையில் காட்டியவர் ஓர் அந்நியர் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இத்தனைக்கும் டங்கனுக்குத் தமிழ் தெரியாது. உரையாடலின் பொருளைப் பிறர் ஆங்கிலத்தில் விளக்கக் கேட்டறிந்தே காட்சிகளை அமைத்தார். தியாகராஜ பாகவதர் நடித்த 'அம்பிகாபதி' (1937), எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945) ஆகியவை அவருடைய புகழை நிலைநாட்டின. 'மீரா'வுக்காகச் சுப்புலட்சுமியின் தலையுருவைச் சுண்ணச்சாந்தில் செய்வித்து, ஒளி எப்பக்கம் விழுந்தால் முகம் பொலியும் என ஒளிப்பதிவாளருடன் ஆராய்ந்தார் என்பர். காதுக்குப் புலப்படாத மொழியைக் கண்ணால் உணர முயன்றார் போலும்!

1950-இல் 'பொன்முடி', 'மந்திரிகுமாரி' ஆகிய படங்களோடு அவரது தமிழ்ப் படப்பணி நிறைவுற்றது. பின்னர் தாயகம் திரும்பிய அவர், 2001-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் காலமானார்.

பாராடாங்கில் நம் குழந்தைகள் தெருவில் இந்தியும் வங்காளமும் கேட்டு வளர்கின்றனர். வீட்டில் பேசும் தமிழை எழுதப் படிக்கத் தடுமாறுவோரும் உளர். தமிழ் அறியாத ஒருவர் பிறரைக் கேட்டுக் கேட்டு இத்துணை செய்தார் எனில், கேட்கும் பிள்ளைக்குச் சொல்லித்தர நாம் மாலைதோறும் ஒரு நாழிகை ஒதுக்கலாகாதா? அதுவே அக்கலைஞருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.