வழக்கில் சிக்கிய வாடியா

சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதல் தலைவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பெயர் பி.பி.வாடியா. 1881-ல் பம்பாயில் பிறந்த பார்சி. பிரம்மஞான சபையில் சேர்ந்து அடையாறுக்கு வந்தவர். அன்னிபெசன்ட் அம்மையாரின் "நியூ இந்தியா" பத்திரிகையில் வேலை பார்த்தார். சுயாட்சிக் கிளர்ச்சிக்காக 1917-ல் அம்மையாருடன் ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டார்.

1918 தொடக்கத்தில் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு சிறு வியாபாரிகள் அவரைத் தேடி வந்தார்கள். பெரம்பூர் பின்னி ஆலைகளில் தொழிலாளர்கள் படும் பாட்டை எடுத்துச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் இடைவேளை. அதற்குள் சாப்பிட்டு, கை கழுவி, மறுபடி மிஷின் முன் நிற்க வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சங்கம் பிறந்தது. வாடியா தலைவர் ஆனார். திரு.வி.க.வும் அவருக்குத் துணை நின்றார். கூட்டங்களில் வாடியா ஆங்கிலத்தில் பேசுவார். அது தமிழில் சொல்லப்படும். சாப்பாட்டு இடைவேளை 40 நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம்தானே என்று ஆலைக்குள் நின்று வேலை செய்யாதவர்கள் நினைக்கலாம்.

ஐகோர்ட்டில் வழக்கு

1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலை கதவடைப்பு செய்தது. டிசம்பரில் போலீசார் துப்பாக்கியால் சுட்டதில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. இதற்கிடையே வாடியா மீது கம்பெனி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார், அதற்கு நஷ்டஈடு தரவேண்டும் என்பது வழக்கு. கோர்ட்டு அவருக்குத் தடை உத்தரவு போட்டது.

சங்கத்துக்கு அப்போது சட்டத்தின் பாதுகாப்பு எதுவும் கிடையாது. 1921 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. வாடியா சங்கத்தை விட்டு விலகவேண்டும் என்பது நிபந்தனை. அவர் விலகினார். கம்பெனிக்கு இது வெற்றிதான்.

ஆனால் நாடு முழுவதும் தொழிற்சங்கத் தலைவர்கள் விழித்துக்கொண்டார்கள். இன்று வாடியா, நாளை யார்? அதே ஆண்டு மார்ச்சில் மத்திய சட்டசபையில் என்.எம்.ஜோஷி தீர்மானம் கொண்டுவந்தார். பதிவு பெற்ற சங்கங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. 1927 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது.

முதலாளிகள் கவனத்துக்கு

தொழில் தகராறில் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற ஒரே காரணத்துக்காக, பதிவு பெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிர்வாகிகள், உறுப்பினர்கள் மீதோ சிவில் வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டம் சொன்னது. அடிதடி, சொத்துக்குச் சேதம் ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. பதிவு செய்யாத சங்கத்துக்கும் இல்லை. சங்கத்தோடு முதலாளி பேச்சு நடத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை. அது பெரிய குறைதான். 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் பதிவு பெற்ற சங்கங்களுக்கு இதே பாதுகாப்பு தரப்பட்டது. பேச்சு நடத்தும் சங்கத்தை அங்கீகரிக்கவும் அதில் வழி செய்யப்பட்டது.

வாடியா 1922-ல் பிரம்மஞான சபையை விட்டு விலகினார். சில ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்து திரும்பினார். 1945-ல் பெங்களூர் பசவனகுடியில் மனைவி சோபியாவுடன் உலகக் கலாசாரக் கழகத்தைத் தொடங்கினார். 1958 ஆகஸ்ட் 20-ந் தேதி பெங்களூரிலேயே காலமானார். கழகம் இருக்கும் சாலைக்கு அவர் பெயர்தான்.