பசித்த ஊருக்குக் கோதுமை கொண்டுவந்த உழவர்

ஊரே பட்டினி கிடந்தது. ரெயில் வரவில்லை. கடைகளில் மாவு இல்லை. எங்கு பார்த்தாலும் பனி, பனி, பனி!

இருபது மைலுக்கு அப்பால் ஒரு குடியானவரிடம் கோதுமை இருக்கிறது என்று ஒரு பேச்சு. அவருடைய வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கூட யாருக்கும் சரியாகத் தெரியாது.

அந்தக் கோதுமையைத் தேடி இரண்டு வாலிபர்கள் புறப்பட்டார்கள். ஆளுக்கு ஒரு குதிரை. ஆளுக்கு ஒரு சறுக்கு வண்டி. வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டால் பிணம் கூடக் கிடைக்காது.

அவர்களில் ஒருவர்தான் அல்மான்ஸோ வைல்டர்.

குதிரைப் பண்ணை

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் மலோன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் அருகே ஒரு பண்ணையில் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி அல்மான்ஸோ பிறந்தார். ஆறு குழந்தைகளில் அவர் ஐந்தாவது.

தந்தை ஜேம்ஸ் வைல்டர் வசதியான உழவர். மார்கன் இனக் குதிரைகளை வளர்த்து விற்றார். இந்தக் குதிரைகள் உருவத்தில் பெரியவை அல்ல. ஆனால் ஏர் உழும், மரம் இழுக்கும், வண்டியில் பூட்டினால் ஓட்டமும் ஓடும்.

சிறுவன் அல்மான்ஸோவுக்குக் குதிரை என்றால் உயிர். ஆனால் குட்டிகளின் பக்கம் போக அவனுக்கு அனுமதி இல்லை. பழக்கம் இல்லாதவன் ஒரு நாள் மிரட்டினால் போதும், நல்ல குட்டி கெட்டுவிடும் என்பது தந்தையின் கண்டிப்பு.

அதற்குப் பதிலாக மகனுக்கு இரண்டு கன்றுக்குட்டிகளைக் கொடுத்தார். ஒரு சின்ன நுகத்தடியும் கொடுத்தார். கன்றுகளைப் பழக்கிக் காட்டு, பிறகு குதிரையைப் பார்க்கலாம் என்பது ஏற்பாடு.

பையன் அடிக்கவில்லை, அதட்டவில்லை. சொன்னபடி நடந்தால் தின்னக் கேரட் கொடுத்தான். பொறுமைதான் சாட்டையை விடப் பெரியது என்பதை ஒன்பது வயதிலேயே கற்றுக்கொண்டான்.

சக்கரம் இல்லாத வண்டி

நம் ஊரில் வண்டி என்றால் சக்கரம் வேண்டும். அந்தக் காலத்தில் பனி விழும் நாட்டில் அப்படி அல்ல. குளிர்காலம் வந்ததும் சக்கர வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிடுவார்கள். சறுக்கு வண்டி வெளியே வரும்.

அதன் அடியில் இரண்டு நீண்ட சட்டங்கள் இருக்கும். முன்பக்கம் படகு மூக்கு போல வளைந்திருக்கும். இறுகிய பனியில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். மற்ற மாதங்களில் சேற்றில் புதைகிற பாரத்தை, பனிக்காலத்தில் குதிரைகள் இழுத்துவிடும்.

அதனால் அப்போது அங்கே பாரம் ஏற்றும் காலமே குளிர்காலமாக இருந்தது. காட்டில் வெட்டிய மரத்தை அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். உறைந்த குளத்தில் பனிக்கட்டியை வாளால் பாளம் பாளமாக அறுப்பார்கள். வண்டியில் ஏற்றிவந்து மரத்தூளில் புதைத்து வைப்பார்கள். கோடையிலும் அந்தக் கட்டி கரையாது!

பனியில் போகும் வண்டிக்குச் சத்தமே கிடையாது. எதிரே வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே! அதற்காகவே குதிரைக்குச் சலங்கை கட்டுவார்கள். பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்கக் கூரான முனை வைத்த லாடம் அடிப்பார்கள். ஓடி வியர்த்த குதிரையைக் குளிரில் சும்மா நிறுத்தினால் நோய் வந்துவிடும். நிறுத்தியவுடன் அதன் முதுகில் கம்பளி போர்த்த வேண்டும். இந்த வேலைகள் எல்லாம் அல்மான்ஸோவுக்கு அத்துப்படி.

கொடிய குளிர்காலம்

பிறகு அந்தக் குடும்பம் மின்னெசோட்டாவுக்குக் குடிபெயர்ந்தது. 1879-இல் அல்மான்ஸோ இன்னும் மேற்கே, டக்கோட்டாவுக்குப் போனார். அங்கே அரசாங்கம் 160 ஏக்கர் நிலம் கொடுத்தது. ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். டி ஸ்மெட் என்ற புது ஊருக்குப் பக்கத்தில் அவருக்கு நிலம் கிடைத்தது.

1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலேயே முதல் பனிப்புயல் அடித்தது. பிறகு புயல் ஓயவே இல்லை. ஒன்று போனால் மூன்றாம் நாள் இன்னொன்று. ரெயில் பாதை பனியில் புதைந்தது. ஜனவரியில் நின்ற ரெயில், மே மாதம்தான் திரும்பி வந்தது.

நிலக்கரி தீர்ந்தது. மரமே இல்லாத புல்வெளி அது. ஜனங்கள் காய்ந்த புல்லைக் கயிறு போல முறுக்கி அடுப்பு எரித்தார்கள். மாவு தீர்ந்தது. காப்பிக் கொட்டை அரைக்கும் சின்ன இயந்திரத்தில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். அந்தக் கோதுமையும் தீரும் நாள் வந்தது.

விதை அல்லவா!

அப்போது அல்மான்ஸோவிடம் கோதுமை இருந்தது. விதைக் கோதுமை! ஒரு பொய்ச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் அதை மறைத்து வைத்திருந்தார்.

விதை நெல்லைக் குத்தித் தின்றவன் அடுத்த ஆண்டு எதை விதைப்பான்? நம் உழவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தை பசியால் வாடும்போது, விதையைப் பூட்டி வைப்பது நியாயமா?

அல்மான்ஸோவின் மனம் இதில் கிடந்து தவித்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். விதையைக் கொடுப்பதில்லை. உயிரைப் பணயம் வைத்து வேறு கோதுமை கொண்டுவருவது!

கேப் கார்லண்ட் என்ற வாலிபர் துணைக்கு வந்தார். இருவரும் புறப்பட்டார்கள். அல்மான்ஸோ அப்போது இருபதுகளில் இருந்தார்.

பனிக்கு அடியில் பள்ளம்

அந்தப் பயணத்தின் பெரிய ஆபத்து புயல் மட்டும் அல்ல. சதுப்பு நிலத்தில் உயரமான புல் வளர்ந்திருக்கும். அதன் மேலே பனி கூரை போட்டிருக்கும். உள்ளே வெறும் பள்ளம். பார்த்தால் சமதரை போலவே தெரியும். குதிரை கால் வைத்தால் பொத்தென்று உள்ளே விழும்.

அப்படி விழும்போது குதிரை மிரண்டு உதைத்தால் கால் முறிந்துவிடும். அல்மான்ஸோ பள்ளத்தில் இறங்குவார். குதிரையைத் தட்டிக்கொடுப்பார். வண்டியிலிருந்து அவிழ்ப்பார். பனியை மிதித்துச் சரிவாகப் பாதை செய்வார். மெல்ல நடத்தி மேலே கொண்டுவருவார். மறுபடியும் பூட்டுவார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் பள்ளம்!

கால் உறைந்து போகாமல் இருக்க, வண்டியில் உட்காராமல் பக்கத்திலேயே ஓடினார்கள்.

கடைசியில் ஒரு குடிசையில் புகை தெரிந்தது. அந்தக் குடியானவரிடம் கோதுமை இருந்தது. ஆனால் அதுவும் விதைதான்! அவர் விற்க மறுத்தார். வாலிபர்கள் ஊரின் பசியை எடுத்துச் சொன்னார்கள். விலையை உயர்த்தினார்கள். அவர் மனம் இளகியது.

அறுபது புஷல் கோதுமை. நம் கணக்கில் சுமார் 1,600 கிலோ. இரண்டு வண்டியிலும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். ஊருக்குள் நுழையும் நேரத்தில் புயல் வந்து மோதியது.

கடைக்காரர் கோதுமையை இரண்டு மடங்குக்கும் மேல் விலை வைத்து விற்கப் பார்த்தார். ஊரார் கூடி நியாயம் கேட்டார்கள். கடைசியில் அவர் வாங்கிய விலைக்கே விற்றார். உயிரைக் கொடுக்கத் துணிந்த வாலிபர்கள் இருவரும் கூலி வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமைச் சலங்கை

அந்த ஊரில் பசியோடு இருந்த குடும்பங்களில் ஒன்று இங்கல்ஸ் குடும்பம். அவர்களின் இரண்டாவது பெண் லாரா.

1883-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் லாரா பள்ளி ஆசிரியை ஆனாள். வயது 17 கூட நிறையவில்லை. பள்ளிக்கூடம் 12 மைல் தொலைவில் இருந்தது. தங்கிய வீட்டில் நிம்மதி இல்லை. வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகமாட்டோமா என்று ஏங்கினாள்.

வெள்ளிக்கிழமை மாலை வாசலில் சலங்கைச் சத்தம் கேட்டது. அல்மான்ஸோ சறுக்கு வண்டியோடு நின்றார்!

ஒவ்வொரு வாரமும் வந்தார். ஒரு முறை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி. குதிரைகள் விட்ட மூச்சு அவற்றின் மூக்கிலேயே உறைந்து அடைத்தது. வழி நெடுக இறங்கி இறங்கி, கையால் அந்தப் பனியை உருக்கி எடுத்தார்.

வீட்டுக்குப் போவதற்காகத்தான் வண்டியில் ஏறுகிறேன், வேறு எண்ணம் வேண்டாம் என்று லாரா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் சலங்கைச் சத்தம் கேட்டது! கன்றுக்குக் காட்டிய பொறுமை இங்கும் வென்றது. 1885 ஆகஸ்ட் 25-ந் தேதி திருமணம் நடந்தது.

சோதனை மேல் சோதனை

ஆனால் வாழ்க்கை இனிக்கவில்லை. மழை பொய்த்தது. கடன் ஏறியது. 1888-இல் கணவன், மனைவி இருவரையும் தொண்டை அடைப்பான் நோய் தாக்கியது. அதன் பிறகு அல்மான்ஸோவின் கால்கள் பழைய பலத்தைப் பெறவே இல்லை. 1889-இல் பிறந்த ஆண் குழந்தை, பெயர் வைக்கும் முன்பே இறந்தது. அதே மாதம் வீடும் தீயில் எரிந்தது.

மீதி இருந்தது மகள் ரோஸ் மட்டுமே. 1894-இல் மூவரும் கூண்டு வண்டியில் மிஸௌரி மாநிலத்துக்குப் போனார்கள். மான்ஸ்பீல்டு ஊரில் கல்லும் மேடுமாக 40 ஏக்கர் வாங்கினார்கள். பாதிக் காலோடு அல்மான்ஸோ காட்டைத் திருத்தினார். ஆப்பிள் மரம் வைத்தார். மீண்டும் மார்கன் குதிரை வளர்த்தார். பண்ணை சுமார் 200 ஏக்கராக வளர்ந்தது.

கதாநாயகன்

65-வது வயதில் லாரா எழுத்தாளர் ஆனார். முதல் புத்தகம் 1932-இல் வந்தது. அடுத்த ஆண்டே கணவரின் சிறு வயதைக் கதையாக எழுதினார். கொடிய குளிர்காலத்தின் கதை 1940-இல் வெளிவந்தது. அவை நாவல்கள். வயதை மாற்றினார், பேச்சுகளைச் சேர்த்தார். ஆனால் இரண்டு வாலிபர்கள் கோதுமைக்குப் போய்த் திரும்பியது நடந்த சம்பவம்.

1949 அக்டோபர் 23-ந் தேதி, 92-வது வயதில் அல்மான்ஸோ காலமானார். லாரா 1957-இல் மறைந்தார். மலோன் அருகே அவர் பிறந்த வீட்டைக் காட்சிச்சாலை ஆக்கியிருக்கிறார்கள்.

அவர் அரசர் அல்ல, தளபதி அல்ல. குதிரையின் மனம் அறிந்த ஓர் உழவர். விதையையும் காப்பாற்றினார். ஊரையும் காப்பாற்றினார்.