ஜான் கல்ஹூன்: மத்திய அரசின் சட்டத்தை மாநிலம் செல்லாததாக்கலாம் என்று வாதிட்டவர்

1828ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலச் சட்டமன்றம் ஓர் ஆவணத்தை அச்சிட்டு வெளியிட்டது. அதில் ஆசிரியர் பெயர் இல்லை. மத்திய அரசு இயற்றிய சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஒரு மாநிலம் கருதினால், அது தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவிக்க அம்மாநிலத்துக்கு உரிமை உண்டு என்பதே ஆவணத்தின் சாரம். அதன் மூல வரைவை எழுதியவர் ஜான் கால்ட்வெல் கல்ஹூன். அப்போது அவர் அந்த மத்திய அரசின் துணை அதிபர். சில வாரங்களுக்கு முன்புதான், ஆண்ட்ரூ ஜாக்சனுடன் இணைந்து போட்டியிட்டு, அதே பதவிக்கு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

கூட்டாட்சி நாடுகளில் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே பூசல் எழும்போதெல்லாம், சட்டத்தின் எல்லையை இறுதியாகத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வியும் எழுகிறது. அதற்கு மாநிலமே என்று மிகத் தெளிவாக விடையளித்தவர் கல்ஹூன். அந்த விடை யாருக்குப் பயன்பட்டது, யாரை நசுக்கியது என்பதை அவரது வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் காணலாம்.

1782 மார்ச் 18ஆம் தேதி தென் கரோலினாவின் மேற்குப் பகுதியில், ஸ்காட்லாந்து - அயர்லாந்து வழிவந்த குடியேறிகளின் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை பாட்ரிக் கல்ஹூன் அடிமைகளை வைத்து விவசாயம் செய்தவர். புதிய அரசியல் சட்டம் மத்திய அரசுக்கு மிகுதியான அதிகாரம் தருகிறது என்று அதை எதிர்த்தவர். மகன் யேல் கல்லூரியில் பயின்று 1804ல் பட்டம் பெற்று, பின்னர் சட்டம் படித்தார். 1811ல் தன் உறவுமுறைப் பெண்ணான ஃப்ளோரிடை மணந்தார். அதே ஆண்டு பிரதிநிதிகள் சபை உறுப்பினராக வாஷிங்டன் சென்றார்.

அங்கு சென்ற இளைஞரிடம் தந்தையின் அச்சம் எதுவும் காணப்படவில்லை. பிரிட்டனுக்கு எதிரான 1812ஆம் ஆண்டுப் போரை அவர் உரத்த குரலில் ஆதரித்தார். உள்நாட்டுத் தொழில்களைக் காக்க 1816ல் கொண்டுவரப்பட்ட இறக்குமதி வரிச் சட்டத்தையும், தேசிய வங்கியையும், மத்திய அரசின் பணத்தில் சாலைகளும் கால்வாய்களும் அமைக்கும் திட்டத்தையும் ஆதரித்தார். வலுவான மத்திய அரசை வேண்டியவர்களுள் அவர் முன்வரிசையில் நின்றார். பின்னர் ஏழாண்டுகளுக்கும் மேலாகப் போர்த்துறை அமைச்சராக இருந்து, 1825ல் துணை அதிபரானார்.

அவரை மாற்றியது எது? வெளிப்படையான காரணம் பருத்தி. 1819ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பருத்தியின் விலை வீழ்ந்தது. தென் கரோலினா பருத்தியை விற்றது. துணிகளையும் இரும்புப் பொருட்களையும் வெளியிலிருந்து வாங்கியது. 1828ல் இறக்குமதி வரி மிகக் கடுமையாக உயர்த்தப்பட்டபோது, வடமாநில ஆலைகளின் இலாபத்துக்காகத் தாங்கள் சுரண்டப்படுவதாகத் தென்னகத்துத் தோட்ட முதலாளிகள் கொதித்தெழுந்தனர். நூறு பொதிப் பருத்தி விளைவித்தால் நாற்பது பொதியை வரி விழுங்கிவிடுகிறது என்று ஜார்ஜ் மெக்டஃபி என்ற தென் கரோலினா அரசியல்வாதி மேடைதோறும் பேசினார். கணக்குச் சரியானதல்ல, ஆனால் பேச்சு எடுபட்டது.

கல்ஹூன் இதற்கு ஒரு சட்டத் தத்துவம் வகுத்தார். அமெரிக்க அரசியல் சட்டம் இறைமையுள்ள மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். மத்திய அரசு அந்த ஒப்பந்தம் பெற்றெடுத்த பிள்ளை. ஒப்பந்தத்தின் பொருளைத் தீர்மானிக்கும் கடைசி நீதிபதியாக அதுவே அமர முடியாது. ஆகவே, ஒரு மாநிலத்தின் மக்கள் தனி மாநாடு கூட்டி ஒரு சட்டத்தை நிறுத்திவைக்கலாம். அந்த அதிகாரம் மத்திய அரசுக்குத் தேவை என்று நாடு கருதினால், நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலோடு அரசியல் சட்டத்தைத் திருத்தி அதை வழங்கட்டும். அப்போது 24 மாநிலங்கள் இருந்தன. நடைமுறையில் இதன் பொருள், ஏழு மாநிலங்கள் ஒன்று சேர்ந்தால் மற்ற பதினேழும் விரும்பும் சட்டத்தைத் தடுத்துவிடலாம் என்பதாகும்.

இந்தக் கருத்து வெற்றிடத்தில் பிறந்ததல்ல. 1798ல் அரசை விமர்சிப்போரைச் சிறையிலிட வழிசெய்த சட்டத்தை எதிர்த்து, தாமஸ் ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மாடிசனும் கென்டக்கி, வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றங்களுக்காகத் தீர்மானங்கள் எழுதிக் கொடுத்திருந்தனர். கல்ஹூன் அவற்றையே தன் முன்னோடிகளாகக் காட்டினார். ஜெஃபர்சன் 1826ல் காலமாகிவிட்டார். ஆனால் அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான மாடிசன் உயிரோடிருந்தார். எண்பது வயதை நெருங்கியிருந்த அவர், ஒரு தனி மாநிலம் நாட்டின் சட்டத்தை நிறுத்தலாம் என்று தாம் ஒருபோதும் சொல்லவில்லை என்று 1830ல் பகிரங்கமாக மறுத்தார். ஒவ்வொரு மாநிலமும் தனக்குப் பிடித்த சட்டத்தை மட்டும் ஏற்றால் அரசியல் சட்டம் ஒரே பொருளில் நிலைக்காது என்பது அவரது வாதம்.

இதற்கிடையே கல்ஹூனுக்கும் அதிபர் ஜாக்சனுக்கும் இடையிலான உறவு முறிந்தது. 1818ல் ஃப்ளோரிடாவுக்குள் அத்துமீறிப் புகுந்ததற்காக ஜாக்சனைக் கண்டிக்க வேண்டும் என்று கல்ஹூன் அமைச்சரவைக்குள் கூறியிருந்தது, பல்லாண்டுகளுக்குப் பின் ஜாக்சனுக்குத் தெரியவந்தது. ஓர் அமைச்சரின் மனைவியை வாஷிங்டன் சீமாட்டிகள் ஒதுக்கிவைத்த விவகாரமும் சேர்ந்துகொண்டது; ஒதுக்கியவர்களில் ஃப்ளோரிட் கல்ஹூன் முக்கியமானவர். அதிபராகும் வாய்ப்பு மங்கிய நிலையில், 1831 ஜூலையில் கல்ஹூன் தன் கோட்பாட்டைச் சொந்தப் பெயரில் வெளியிட்டார்.

1832 நவம்பர் 24ஆம் தேதி தென் கரோலினா மாநாடு 136 வாக்குகளுக்கு 26 என்ற கணக்கில் முடிவெடுத்தது. 1828, 1832ஆம் ஆண்டுகளின் வரிச் சட்டங்கள் செல்லாது. 1833 பிப்ரவரி 1 முதல் மாநிலத்தில் அவ்வரியை வசூலிக்கக் கூடாது. இது குறித்து நாட்டின் உச்சநீதிமன்றத்துக்கு மேல்முறையீடும் கூடாது. மத்திய அரசு படைபலத்தைப் பயன்படுத்தினால் மாநிலம் பிரிந்துபோகும் என்று அறிவித்தது. டிசம்பரில் கல்ஹூன் துணை அதிபர் பதவியை விட்டு விலகி, தன் மாநிலத்தின் செனட் உறுப்பினரானார். அப்பதவியிலிருந்து விலகிய முதல் மனிதர் அவரே.

ஜாக்சன் அடிமை உடைமையாளர், தென்னகத்தவர், மாநில உரிமைகளில் பற்றுள்ளவராகக் கருதப்பட்டவர். எனினும் அவர் இதைத் தேசத்துரோகத்துக்கான தொடக்கமாகவே கண்டார். சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குக் கப்பல்களை அனுப்பினார். வரியை வசூலிக்கப் படையைப் பயன்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் கேட்டார். ஆயினும் அவரையும் முழுக் கொள்கைவாதியாகக் காட்டுவது சரியாகாது. அதே 1832ல், செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜார்ஜியா அதைப் புறக்கணித்தது. ஜாக்சன் விரலை அசைக்கவில்லை. செரோக்கி மக்கள் பின்னர் தங்கள் மண்ணிலிருந்தே விரட்டப்பட்டார்கள். ஒரு மாநிலத்தின் மீறல் கலகமாவதும் மற்றொன்றின் மீறல் கண்டும் காணாமல் விடப்படுவதும், யாருடைய நலன் பாதிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்திருந்தது.

வேறு எந்த மாநிலமும் தென் கரோலினாவுடன் சேரவில்லை. மாநிலத்துக்குள்ளேயே கணிசமானோர் எதிர்த்தனர். இறுதியில் ஹென்றி கிளேயும் கல்ஹூனும் சமரசம் கண்டனர். வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சட்டமும் படையைப் பயன்படுத்தும் அதிகாரச் சட்டமும் 1833 மார்ச் 2ஆம் தேதி ஒரே நாளில் கையெழுத்தாயின. மாநாடு மீண்டும் கூடி, வரிச் சட்டத்துக்கு எதிரான அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. கூடவே, பயன்பாடே இல்லாமற்போன அந்தப் படை அதிகாரச் சட்டத்தைச் செல்லாதென்று அறிவித்து மானத்தைக் காத்துக்கொண்டது. இரு தரப்பும் வெற்றி என்று சொல்லிக்கொண்டன.

ஆனால் வரி மட்டுமே காரணமா? இல்லை என்று கல்ஹூனே 1830ல் ஒரு தனிப்பட்ட கடிதத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். வரி ஒரு சந்தர்ப்பமே, தென்னகத்தின் தனித்த சமூக அமைப்பே மெய்யான காரணம் என்பது அக்கடிதத்தின் கருத்து. தனித்த அமைப்பு என்று அவர் நாகரிகமாகக் குறிப்பிட்டது அடிமை முறையை. 1830ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தென் கரோலினாவின் மக்கள் தொகை சுமார் 581,000. அவர்களுள் சுமார் 315,000 பேர் அடிமைகள்.

இதன் முன்னோட்டம் முன்பே நடந்திருந்தது. 1822ல் சார்ல்ஸ்டனில் டென்மார்க் வெசி என்ற கறுப்பினத்தவரின் தலைமையில் கிளர்ச்சித் திட்டம் இருந்ததாகக் கூறி 35 பேர் தூக்கிலிடப்பட்டனர். அதைத் தொடர்ந்து, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் உள்ள சுதந்திரமான கறுப்பின மாலுமிகளைக் கப்பல் புறப்படும் வரை சிறையில் அடைக்க மாநிலம் சட்டமியற்றியது. பிரிட்டிஷ் மாலுமிகளும் சிறைப்பட்டனர். சார்ல்ஸ்டனையே சொந்த ஊராகக் கொண்ட உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் ஜான்சன், அது அரசியல் சட்டத்துக்கும் நாட்டின் ஒப்பந்தங்களுக்கும் முரணானது என்று 1823ல் கருத்துத் தெரிவித்தார். மாநிலம் பொருட்படுத்தவில்லை. கல்ஹூன் ஏட்டில் எழுதுமுன்பே அவரது கோட்பாடு சிறைக்கூடத்தில் நடைமுறையில் இருந்தது எனலாம்.

பெரும்பான்மையின் ஆட்சி எண்ணிக்கையின் ஆட்சி மட்டுமாக இருக்கக் கூடாது, பாதிக்கப்படும் ஒவ்வொரு பெரும் பிரிவின் ஒப்புதலும் வேண்டும் என்று பின்னாளில் கல்ஹூன் விரிவாக எழுதினார். அவர் இறந்த பின் 1851ல் அந்நூல் வெளியானது. எண்ணிக்கையில் குறைந்த எந்த மக்களுக்கும் நெஞ்சைத் தொடக்கூடிய வாதம் இது. அதிகாரப் பகிர்வு குறித்து ஆராய்ந்த அரெண்ட் லைப்ஹார்ட், 1977ல் வெளியான தன் நூலில், சிறுபான்மையினரின் தடையுரிமையைப் பேசும்போது கல்ஹூனைத்தான் சுட்டினார். ஆனால் கல்ஹூனின் சிறுபான்மை எது? நாட்டளவில் சிறுபான்மையான அடிமை உடைமையாளர்கள். தன் மாநிலத்துக்குள் பெரும்பான்மையாக இருந்த கறுப்பின மக்களின் ஒப்புதலை யாரும் கேட்க வேண்டும் என்று அவர் எங்கும் கூறவில்லை. மாறாக, 1837ல் செனட் சபையில், அடிமை முறை தவிர்க்க முடியாத தீமை என்ற பழைய சமாதானத்தையும் கைவிட்டு, அது இரு இனத்தவர்க்கும் நன்மையே என்று வாதிட்டார். கோட்பாடு எவ்வளவு கூர்மையானதாயினும், அதன் கணக்கில் யார் மக்கள் என்ற கேள்விதான் முதலில் விடுபட்டது.

1850 மார்ச் 4ஆம் தேதி கல்ஹூனின் கடைசிப் பெரும் உரையை வேறொரு செனட் உறுப்பினர் வாசித்தார். நோயால் மெலிந்த அவர் போர்வை போர்த்தியபடி அமர்ந்து கேட்டார். தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் தருவதில் வடமாநிலங்கள் தங்கள் கடமையை உண்மையாக நிறைவேற்ற வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. மார்ச் 31ஆம் தேதி அவர் காலமானார். அதே ஆண்டு அதற்கான கடுமையான மத்தியச் சட்டமும் வந்தது.

அப்போதுதான் அவரது ஆயுதம் கைமாறியது. தப்பி வந்த ஜோஷுவா குளோவர் என்பவரை 1854ல் விஸ்கான்சின் மாநில மக்கள் சிறையை உடைத்து மீட்டனர். அந்த மாநிலத்தின் உச்சநீதிமன்றம் மத்தியச் சட்டத்தையே செல்லாது என்றது. நாட்டின் உச்சநீதிமன்றம் 1859ல் ஒருமனதாக அதை நிராகரித்தபோது, விஸ்கான்சின் சட்டமன்றம் 1798ஆம் ஆண்டின் கென்டக்கித் தீர்மானத்தின் மொழியிலேயே பதிலளித்தது. 1860 டிசம்பரில் தென் கரோலினா நாட்டிலிருந்து பிரிந்தபோது, தன் காரணங்களுள் ஒன்றாக முன்வைத்தது என்ன தெரியுமா? நாடாளுமன்றத்தின் சட்டங்களை வடமாநிலங்கள் செல்லாததாக்குகின்றன என்பதைத்தான்.

பிரிந்த மாநிலங்கள் தமக்கென எழுதிக்கொண்ட அரசியல் சட்டத்திலும் இந்த உரிமையை எந்த மாநிலத்துக்கும் தரவில்லை. மத்தியச் சட்டமே மேலானது என்ற பிரிவைப் பழைய சட்டத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டன. 1861ல் அவை வெளியிட்ட 1000 டாலர் நோட்டில் கல்ஹூனின் உருவமும் ஜாக்சனின் உருவமும் அருகருகே இடம்பெற்றன.

ஒரு நூற்றாண்டு கழித்து, கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் பள்ளிகளில் சேர்க்க வேண்டும் என்ற தீர்ப்பை எதிர்த்துத் தென் மாநிலங்கள் இதே வாதத்தை மீண்டும் எடுத்தன. 1958ல் லிட்டில் ராக் பள்ளி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியே பெயரிட்டு அதை மறுத்தனர். ஆனால் வேறொரு வழி திறந்தே இருக்கிறது. மத்தியச் சட்டத்தை மாநிலம் ரத்து செய்ய முடியாது. அதே வேளையில், அதை அமல்படுத்தத் தன் அதிகாரிகளைத் தருமாறு மாநிலத்தைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 1842ல் அடிமைகள் தொடர்பான வழக்கொன்றில் முளைவிட்ட இக்கருத்தை, 1997ல் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணிச் சோதனை குறித்த வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. ஒத்துழையாமைக்கும் செல்லாததாக்கலுக்கும் இடையிலான இந்தக் கோடு மெல்லியது. குடியேற்றச் சட்டங்களைச் செயல்படுத்துவதில் அமெரிக்க நகரங்களும் மாநிலங்களும் வாஷிங்டனுடன் நடத்தும் வழக்குகள் பெரும்பாலும் அந்தக் கோட்டின் மீதே நடக்கின்றன.

கல்ஹூனின் உடல் சார்ல்ஸ்டனில் புனித பிலிப் தேவாலய மயானத்தில் உள்ளது. உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையினர் சிதைத்துவிடுவார்கள் என்று அஞ்சி, அதை இரகசியமாகத் தோண்டியெடுத்து வேறிடத்தில் புதைத்தனர். 1871ல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தனர். யேல் பல்கலைக்கழகம் 2017ல் ஒரு கல்லூரியிலிருந்து அவரது பெயரை நீக்கியது. சார்ல்ஸ்டன் சதுக்கத்தில் உயர்ந்த தூணின் மேல் நின்ற அவரது சிலையை, நகர சபையின் ஒருமனதான முடிவின்படி, 2020 ஜூன் 24ஆம் தேதி இறக்கினார்கள். தன் கோட்பாட்டை அவர் வெளியிட்ட ஃபோர்ட் ஹில் தோட்ட வீடு, கிளெம்சன் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே அருங்காட்சியகமாக இருக்கிறது.