லியோ பெண்டர்

இசைக்கருவி செய்பவன் அதனை வாசிக்கவும் வல்லவனாதல் வேண்டும் என்பது பலர் கொள்கை. அக்கொள்கையைத் தம் வாழ்வாற் பொய்ப்பித்தவர் லியோ பெண்டர். உலகெங்கும் ஒலிக்கும் மின்சாரக் கிதார்களைச் செய்த இவர், கிதார் வாசிக்க ஒருபோதும் கற்றிலர். ஃபங்க் இசைக்குக் கிதார் தெரிய விழையும் மாணவர்க்கு இவர் வரலாறு பயன்படுமென எண்ணி, அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், ஆரஞ்சுத் தோட்டம் உடைய பெற்றோர்க்குப் பிறந்தார். சிறு பருவத்திலேயே நோயால் ஒரு கண்ணை இழந்தார். கல்லூரியிற் கற்றது கணக்கியல். உள்ளம் நாடியதோ வானொலி. 1938-இல் புல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடையொன்று திறந்தார். ஆண்டு வந்த இசைவாணர் கூறிய குறைகளே இவர்க்குப் பாடநூலாயின.

உள்ளே வெற்றிடமுடைய கிதாரின் ஒலியை மின்சாரத்தாற் பெருக்கினால், அது ஊளையிடும். ஆதலின் கெட்டியான மரப்பலகையால் கிதார் செய்து 1950-இல் விற்கலானார். படகுத் துடுப்பென்று சிலர் எள்ளினர். 1951-இல் டெலிகாஸ்டர் என்னும் பெயர் பெற்ற அக்கருவியின் கழுத்துப்பகுதி திருகாணிகளாற் பூட்டப்பட்டது; பழுதுற்றால் எளிதில் மாற்றலாம். 1954-இல் மூன்று ஒலிவாங்கிகளையுடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது.

இவர் விரும்பியது அமெரிக்க நாட்டுப்புற இசையே. ஆயினும், 1960-களில் ஜேம்ஸ் பிரவுன் குழுவினர் வளர்த்த ஃபங்க் இசைக்கும் இவர் கருவிகள் பெரிதும் இயைந்தன. அவ்விசையிற் கிதார் பெரும்பாலும் தாளக்கருவி போன்றது. வலக்கை இடையறாது தந்திகளைத் தட்ட, இடக்கை அவற்றை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கும். அங்ஙனம் நறுக்கிய ஒலி தெளிவாகக் கேட்டல் வேண்டும். காந்தத்தின்மேல் ஒற்றைக் கம்பிச்சுருள் சுற்றிய இவர்தம் ஒலிவாங்கி அத்தெளிவை நல்கிற்று. இரட்டைச் சுருளுடையது தடித்த ஒலி தரும். ஒற்றைச் சுருளோ கூரிய ஒலி தரும். அதனுடன் மின்னிரைச்சலும் சிறிது வரும். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மாற்றுவிசை முதலில் மூன்று நிலைகளையே உடையதாயிருந்தது. வாசிப்போர் அதனை இரு நிலைகட்கு இடையே நிறுத்தி மற்றோர் இனிய ஒலி கண்டனர். அதுகண்ட நிறுவனம் 1977-இல் ஐந்து நிலை விசையை அமைத்தது. சிக் என்னும் குழுவின் நைல் ராட்ஜர்ஸ் புகழ்பெற்றதும் ஸ்ட்ராட்டோகாஸ்டராலேயே.

பெண்டர் நோயுற்றமையால், அவர் நிறுவனம் 1965-இல் சி.பி.எஸ். நிறுவனத்திற்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. பின்னர் நலம் பெற்ற அவர், செல்வத்தோடு அமைந்திராது மீண்டும் பட்டறை புகுந்து புதிய கருவிகள் செய்தார். 1991-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள் உயிர் நீத்தார்.

வாசிக்க அறியாத அவர், வாசிப்போர் சொல்லைச் செவி சாய்த்துக் கேட்டார்; அதுவே அவர் வெற்றியின் வேர். நாமும் கிதார் தெரியுங்கால், விலையையும் வண்ணத்தையும் பிறர் புகழ்ச்சியையும் பின்னிறுத்துவோமாக. கருவியைக் கையிலேந்தி, ஒலியை நறுக்கி வாசித்து, ஒவ்வொரு துண்டும் தெளிவாகக் கேட்கின்றதா என நம் செவியையே வினவுவோமாக.