பாரி தோமசின் பழைய தேர்

பாரி என்றதும் தமிழ் கற்றார் நெஞ்சில் முல்லைக் கொடியும் தேருமே தோன்றும். யான் இங்கு எழுதப் புகுவது பறம்புமலைத் தலைவன் வரலாறன்று. பெயரளவில் அவனோடு ஒத்தவரும், அவனைப் போலவே தேர் ஒன்றினால் உலகறியப்பட்டவருமாகிய ஜோன் கொட்பிறி பாரி தோமஸ் என்னும் வேல்ஸ் நாட்டுப் பொறியியலாளர் வரலாறே ஈண்டுக் கூறப்படுவது. கொடிக்குத் தன் தேரை ஈந்தவன் நம் பாரி. தேருக்குத் தன்னையே ஈந்தவர் இப்பாரி.

இவரைப் பற்றி எழுத எனக்கொரு கடப்பாடும் உண்டு. மாணாக்கருக்குக் கட்டுரைப் பயிற்சி அளிக்குங் காலத்தில் யான் பல்லாண்டுகளாக இவரை ஓர் எடுத்துக்காட்டாகக் காட்டி வந்தேன். பிறர் பாவித்துக் கழித்த வண்டியொன்றை மலிவு விலைக்கு வாங்கி, அதிலிருந்த பழைய சங்கிலிகளை மாற்றாது விட்டமையால் உயிரிழந்தவர் என்பதே யான் சொல்லி வந்த கதை. மலிவை விரும்புவோன் பின்னர் வருந்துவான் என்ற நீதியை அக்கதையின் வாலிற் கட்டி விடுவேன். மாணாக்கரும் அதனை அழகாக எழுதித் தருவர். யானும் முழுப் புள்ளி வழங்குவேன். அக்கதையின் உயிர்நாடியான பகுதி உறுதியற்றதென்று பின்னரே அறிந்தேன். வகுப்பறையிற் பிழை சொன்னவன் அதன் திருத்தத்தைப் பலரறியச் சொல்லுதலே முறை.

தோமஸ் 1884ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு றெக்ஸம் நகரிலே, கிறித்தவ குரு ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். இளமையில் ஒஸ்வெஸ்றி என்னும் ஊரிற் கல்வி பயின்றார். பின்னர் இலண்டன் சென்று பொறியியல் கற்றுத் தேர்ந்தார். எஞ்சினின் வலுவைச் சில்லுகளுக்கு மின்சாரத்தின் துணையோடு கடத்தும் முறையொன்றை முதலாம் உலகப் போருக்கு முன்னரே வகுத்தவர் இவர். பின்பு லேலண்ட் கம்பனியில் தலைமைப் பொறியியலாளரானார். லேலண்ட் என்றால் நம் நாட்டார்க்கு நினைவில் வருவது பஸ் வண்டியே. அக்கம்பனி 1920இல் லேலண்ட் எயிற் என்னும் சொகுசுக் காரொன்றை இலண்டன் கண்காட்சியில் வைத்தது. எட்டு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்த எஞ்சினைக் கொண்ட அக்காரை வகுத்தவர் தோமஸ். அவருக்கு உதவியாயிருந்தவர் றீட் றெயில்ற்றன் என்னும் இளைஞர். விலை மிகுதியால் அக்காரை வாங்குவார் அரியராயினர். இருபதுக்கும் குறைவான வண்டிகளே செய்யப்பட்டன.

தம் படைப்பு விலை போகாமை கண்டு தோமஸ் சோர்ந்திலர். அதன் ஆற்றலை உலகுக்குக் காட்டுவதற்குத் தாமே அதனைப் பந்தயத்தில் ஓட்டத் தலைப்பட்டார். ஓட்டத் தொடங்கியபின் அத்துறையை விட்டு மீள அவரால் இயலவில்லை. 1923ஆம் ஆண்டளவில் உயர்ந்த பதவியைத் துறந்து, சறே மாநிலத்துப் புறூக்லன்ட்ஸ் பந்தயத் திடலுக்குச் சென்றார். 1907இல் திறக்கப்பட்ட அத்திடல் கொங்கிறீற்றினால் இயன்றது. வளைவுகளில் ஓடுபாதை சுவர் போலச் சரிந்து உயர்ந்து நிற்கும். அதன் நடுவே சிறு வீடொன்றில் அவர் குடியிருந்தார். அவ்வீட்டின் பெயர் துறவி வாழும் குடில் என்று பொருள்படுவது. அவரோ மணம் புரியாதவர். நாளெல்லாம் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு எஞ்சின்களின் நடுவே வாழ்ந்தவருக்கு அப்பெயர் பொருந்தியதே.

இனி, அவர் வாங்கிய வண்டியின் பிறப்பைச் சொல்ல வேண்டும். கன்ரபரி நகரை அடுத்த ஹயம் என்னும் மாளிகையில் லூயி சுபொறொவ்ஸ்கி என்றொரு செல்வர் வாழ்ந்தார். பெரும் பொருளுக்கு உரியவர். வேகத்தில் அடங்காக் காதல் உடையவர். போர் முடிந்தபின் பயனின்றிக் கிடந்த விமான எஞ்சின்களைக் கார்ச் சட்டகங்களிற் பூட்டி ஓட்டுவது அவர்தம் விளையாட்டு. அவர் அமைத்த முதல் வண்டியின் பெயரே பிற்காலத்தில் இயன் பிளெமிங் எழுதிய சிறுவர் கதைக்கும், அதன் வழி 1968இல் வந்த திரைப்படத்துக்கும் தலைப்பாயிற்று. அவர் இறுதியாக அமைத்தது யாவற்றினும் பெரியது. அதன் எஞ்சின் அமெரிக்கர் போர் விமானங்களுக்கென ஆக்கிய லிபெற்றி என்பது; பன்னிரண்டு உருளைகளும் 27 லீற்றர் கொள்ளளவும் ஏறக்குறைய 450 பரிவலுவும் உடையது. கியர்ப் பெட்டியோ போருக்கு முந்திய ஜேர்மானிய பென்ஸ் பந்தயக் கார் ஒன்றினது. அப்பெட்டியிலிருந்து பின்சில்லுகளுக்கு வலுவைச் செலுத்தியவை, துவிச்சக்கர வண்டியில் நாம் காண்பது போன்ற, ஆயின் பன்மடங்கு பருத்த இரு சங்கிலிகள்.

ஆகவே, அவ்வண்டி பிறந்தபோதே பழையது. பழைய உறுப்புகளைக் கூட்டியே அதனைப் புதிதாகச் செய்தனர். அதன் முழு வலிமையையும் காணுமுன்னரே, 1924 ஒக்ரோபரில் இத்தாலி நாட்டு மொன்சாத் திடலில் வேறொரு காரை ஓட்டுகையில் சுபொறொவ்ஸ்கி உயிர் நீத்தார். உரியவரை இழந்த அப்பெருவண்டியைத் தோமஸ் 125 பவுண் கொடுத்து வாங்கினார்.

பாவித்த வண்டியை வாங்குவோர் இருவகையினர். வாங்கியதை அவ்வாறே ஓட்டித் தேய்ப்பவர் ஒரு சாரார். கண்ணிற் பட்டதையெல்லாம் மாற்றி, வண்டியின் இயல்பையே அழிப்பவர் மற்றொரு சாரார். தோமஸ் இவ்விரு சாராரையும் சேர்ந்தவரல்லர். முதலில் அதன் இயல்பை ஆராய்ந்தார். விமான எஞ்சின் வானிலே நெடுநேரம் ஒரே சீராக உழைத்தற்கென ஆக்கப்பட்டது. தரையில் ஓடும் காருக்கோ, ஓட்டுவோன் காலை அழுத்திய கணமே அதற்கேற்ப வலு பெருகவும், எடுத்த கணமே தணியவும் வேண்டும். ஆதலால் எரிபொருளையும் காற்றையும் கலந்து ஊட்டும் காபுரேற்றர்களை மாற்றி, செனித் வகையில் நான்கினைப் பொருத்தினார். உருளைக்குள் ஏறி இறங்கும் முசலங்களைத் தாமே வகுத்துச் செய்வித்தார். காற்றின் தடையைக் குறைத்தற்கு உடற்கூட்டைத் திருத்தி, பின்புறத்தை நீண்டு ஒடுங்கும் வாலாக அமைத்தார். பெரிய எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் சங்கிலிகளையும் வைத்துக்கொண்டார். பழைய நூலுக்கு உரை காண்பவன் மூலத்தைத் திரிக்காது விளக்கம் சேர்ப்பது போன்றது அவர் செய்த வேலை.

எல்லாம் முடித்தபின் அவர் செய்த ஒன்று என் மனத்தை மிகவும் கவர்வது. முன்னையோர் அவ்வண்டியை ஹயம் மாளிகையின் பெயரால் அழைத்தனர். தோமஸ் அதற்குப் பாப்ஸ் என்று பெயரிட்டார். அது ஆங்கிலேயர் வீட்டுப் பெண் குழந்தைகளைச் செல்லமாக விளிக்கும் பெயர்களுள் ஒன்று. நம் செவிக்குப் பாப்பா என்பது போல ஒலிப்பது. 27 லீற்றர் எஞ்சின் உறுமும் பூதத்துக்குக் குழந்தைப் பெயர்! பொருளை விலை கொடுத்து வாங்குவது ஒரு நாட் செயல். அது தமதாவது, உழைத்து அறிந்து, அன்போடு அழைக்கத் தொடங்கிய பின்னரே.

தென் வேல்ஸ் கரையில் பெண்டைன் என்னும் சிற்றூர் உளது. கடல் வற்றும் நேரத்தில் ஆங்கு ஏழு மைல் நீளத்துக்குக் கெட்டியான மணற்பரப்பு வெளிப்படும். வேகச் சாதனை செய்வோர் அங்கு ஒரு திசையில் ஓடி, மீண்டு எதிர்த்திசையிலும் ஓடவேண்டும். இரண்டின் சராசரியே கணக்கிற் கொள்ளப்படும். 1926 மார்ச்சில் ஹென்றி சீகிறேவ் என்பார் இங்கிலாந்தின் வேறொரு கடற்கரையில் மணிக்கு 152.33 மைல் வேகத்தை எய்தியிருந்தார். அவ்வாண்டு ஏப்ரில் 27ஆந் திகதி தோமஸ் பாப்சை ஓட்டி அச்சாதனையைக் கடந்தார். மறுநாள் மீண்டும் ஓட்டி, 171.02 மைல் என்னும் வேகத்தை நிலைநாட்டினார். 125 பவுணுக்கு வாங்கிய பழைய வண்டி, உலகில் தரைமீது ஓடிய வண்டிகள் யாவற்றினும் விரைந்ததாயிற்று.

அப்பெருமை ஓராண்டு நிலைக்கவில்லை. 1927 பெப்ருவரி 4ஆந் திகதி மல்கம் கம்பெல் என்பார், புளூ பேட் என்னும் புதிய காரில், அதே பெண்டைன் கரையில் மணிக்கு 174 மைலைத் தாண்டினார். சீகிறேவுக்கென இரு விமான எஞ்சின்கள் பூட்டிய சன்பீம் கார் வேறொருபுறம் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. இழந்ததை மீட்கத் தோமஸ் மீண்டும் பெண்டைன் சென்றார். இன்புளுவென்சாக் காய்ச்சலால் நலிந்திருந்த உடலோடு, மார்ச் 3ஆந் திகதி பாப்சில் ஏறினார். பெருவேகத்தில் ஓடுகையில் வண்டி நிலை தவறிப் புரண்டது. தோமஸ் அவ்விடத்திலேயே மாண்டார். தரை வேகச் சாதனை முயற்சியில் உயிரிழந்த முதல் ஓட்டுநர் அவரே. புறூக்லன்ட்ஸ் திடலுக்கு அணித்தாகிய பைபிளீற் தேவாலயத்து மயானத்தில் அவரை அடக்கஞ் செய்தனர். அம்மாதம் 29ஆந் திகதி சீகிறேவ் அமெரிக்கக் கடற்கரையொன்றில் 203 மைலுக்கு மேல் ஓடினார். கம்பெல் தாண்டியதும் தோமஸ் துரத்தியதுமாகிய எல்லை ஒரு மாத காலத்திற் பழங்கதையாயிற்று.

பாப்சுக்கும் அடக்கம் நிகழ்ந்தது. இருக்கைத் தோலைக் கிழித்து, அளவு காட்டும் கருவிகளை உடைத்து, பெண்டைன் மணலிலே குழி தோண்டி அதனைப் புதைத்தனர். வலப்புறச் சங்கிலி அறுந்து தோமசின் தலையைத் தாக்கியதே சாவுக்குக் காரணமென்ற செய்தி எங்கும் பரவிற்று. அச்செய்தியையே யானும் நூல்களிற் படித்து மாணாக்கருக்குச் சொல்லி வந்தேன்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1969இல், பாங்கோர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் கற்பித்த ஓவன் வின் ஓவன் என்னும் ஆசிரியர் அனுமதி பெற்று அம்மணலைத் தோண்டுவித்தார். அவ்விடம் அக்காலத்திற் படையினரின் பயிற்சி எல்லைக்குள் இருந்தது. வெளிவந்தது துருவேறிய இரும்புக் குவியல். அதனை அவர் தம் வீட்டுக்குக் கொண்டுசென்று, ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தார். மீட்கத்தக்க உறுப்புகளை மீட்டார். அரித்துப் போனவற்றைப் புதிதாகச் செய்தார். செல்லரித்த ஏட்டைப் பதிப்பிக்கும் புலவர், எஞ்சிய எழுத்தைக் காத்து, அழிந்த இடத்தை மட்டும் ஊகித்து நிரப்புவதை இவ்வுழைப்பு எனக்கு நினைவூட்டியது. முடிவில் அப்பழைய எஞ்சின் மீண்டும் முழங்கிற்று. தோமஸ் மாண்ட பெண்டைன் ஊரின் அரும்பொருட் காட்சிச்சாலையிலும் பாப்ஸ் பின்னர் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

மணலிலிருந்து வெளிவந்தது வண்டி மட்டுமன்று. சிதைந்த உறுப்புகளை ஆராய்ந்தபோது, பின்புறச் சில்லு ஒன்று முதலில் முறிந்திருத்தல் கூடும், சங்கிலி அறுந்தது அதன் விளைவாகலாம் என்ற கருத்து எழுந்தது. கண்டார் இல்லாத கணத்தைப் பற்றி முடிந்த முடிபாக உரைத்தல் அரிது. ஆயினும் சங்கிலியே கொன்றது என்று துணிந்து கூறுவார் இன்று குறைந்துவிட்டனர். யான் வாலிற் கட்டிய நீதியும் அத்துடன் அறுந்தது.

உண்மையில், அந்நீதி முன்னரே பொருந்தாதது. மலிவை விரும்பிய ஒருவர் நான்கு காபுரேற்றர்களுக்கும் புதிய முசலங்களுக்கும் தம் பொருளையும் நாளையும் செலவிட்டிரார். பழையதென்று அவர் ஒன்றை ஒதுக்கவுமில்லை. பழையதென்று அதனைப் பேணாது விடவுமில்லை. கழிக்கப்பட்ட பொருளுக்குள் பிறர் காணாத ஆற்றலைக் கண்டு வெளிக்கொணர்ந்தவர் அவர். கடைவாங்கில் இருத்தப்பட்ட மாணாக்கனை நோக்கும் ஆசிரியனுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறு உண்டோ? அத்தகைய மனிதரை யான் இத்தனை ஆண்டுகளாக எச்சரிக்கைக் கதையாக்கி வகுப்பறையில் நிறுத்தியிருந்தேன். தோண்டிப் பார்த்த ஆசிரியர் ஒருவர். தோண்டாமலே தீர்ப்புச் சொன்ன ஆசிரியன் யான்.

என்னிடம் கட்டுரை எழுதி முழுப் புள்ளி பெற்ற பழைய மாணாக்கர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், அக்கட்டுரையின் இறுதிப் பந்தியை வெட்டிவிடுவாராக. புள்ளியை யான் குறைக்க மாட்டேன். குறைக்க வேண்டியது என்னுடையதே.